தையல் வீடு

செலீனுக்கு மௌனங்களை வகை பிரிக்கத் தெரியும். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

யூனியன் ஸ்டேசனிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஏரியைப் பார்த்த ஒரு கட்டடத்தில் அவளுடைய அலுவலகம். காலையில் ஹெட்போனை மாட்டினால் மத்தியானம் வரைக்கும் கழற்றமாட்டாள். காதுக்குள் வருவதெல்லாம் உலகத்தின் மறுபக்கத்தில், ஒரு மலை மாவட்டத்து வீடுகளின் சத்தம். போன் மணி அடிக்கும். யாரோ எடுப்பார்கள். ஓர் இயந்திர ஆண் குரல் அரபு மொழியில் குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்கும். அவர் தன் பெயரைச் சொல்லி ஆமென்றால், அந்த மாதத்து மாவும் உதவிப் பணமும் அந்த வீட்டு அட்டையில் ஏறும். சொல்லாவிட்டால் ஏறாது. அடுத்தடுத்து மூன்று மாதம் பதில் வராவிட்டால் அட்டையே நின்றுவிடும்.

அரபு அவளுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையுமில்லை. பேசியவர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருந்தார்கள். பேசாதவர்கள் செலீனின் பங்கு. இயந்திரம் பதிலில்லை என்று ஒதுக்கிய பதிவுகளைக் கேட்டு, மெய்யாகவே பதிலில்லையா, லைன் பழுதா, பக்கத்துச் சத்தத்தில் குரல் அமுங்கிப்போயிற்றா என்று குறிக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்தவர்கள் நிலைப்பதில்லை. நாள் முழுக்க வெறும் மூச்சைக் கேட்டால் மண்டைக்குள் என்னவோ செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். செலீன் நிலைத்தாள். மன்னாரிலிருந்து பதினான்கு வயதில் வந்து இறங்கி, பார்க்டேல் பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் வாய் திறக்காமல் இருந்தவள் அவள். புறநகரான விட்பிக்குப் போகும் கோ ரயிலில் மடியில் புத்தகத்தை விரித்து, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி வீடு வரைக்கும் போய்ச் சேருவாள். பேச்சு நின்ற பிறகு ஓர் அறைக்குள் என்ன மிஞ்சுகிறது என்பது அவளுக்குக் கேட்கும்.

அந்த நாட்டின் பெயரை அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. கிளையன்ற் என்பார்கள். முன்பெல்லாம் அங்கே ரொட்டி எல்லாருக்கும் மலிவு. கடைக்காரனும் கூலிக்காரனும் ஒரே விலைக்கு வாங்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் வந்து, எல்லாருக்கும் ரொட்டி என்பது விரயம், ஏழைக்கு மட்டும் கொடு என்றார்கள். ஏழை யாரென்று அறிய அட்டை வந்தது. அட்டை குடும்பத் தலைவரின் பெயரில், தலைவர் என்றால் ஆண். பிறகு, செத்துப்போன ஆண்களின் பெயரிலும் மாவு போகிறது என்று புகார் வந்தது. அந்தப் பெயர்களுக்கு அலுவலகத்தில் கோஸ்ற், அதாவது பேய், என்று பட்டம். கோஸ்ற்றுகளைப் பிடித்துத் தருவதற்குத்தான் செலீனின் கொம்பனியைப் பிடித்திருந்தார்கள். இப்போதைக்கு ஒரு மாவட்டத்தில் வெள்ளோட்டம். குளிர் முடிவதற்குள் அறிக்கை போய்ச் சேர்ந்தால் முழு நாட்டுக்கும் இதுதான்.

பதிவுகளுக்கு எண் மட்டுமே உண்டு. செலீன் மனதுக்குள் பெயர் வைத்திருந்தாள். சேவல் கூவுகிற வீடு, கதவு கிறீச்சிடுகிற வீடு, எப்போதும் யாரோ பாத்திரம் தேய்க்கிற வீடு. அவளுக்குப் பிடித்தது தையல் வீடு.

கோடையில்தான் அந்த வீட்டை முதலில் கேட்டாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தில் ஆளின் குரல் பிடிபடாமல், இயந்திரம் அதைப் பதிலில்லை என்று தள்ளியிருந்தது. செலீன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆள், "மன்சூர். ஐவா," என்கிறான். மன்சூர், ஆம். அவன் பேசப் பேசப் பின்னால் மெஷின் ஒரு நீளத் தையலை ஓடி முடித்து, டக்கென்று நிற்கிறது. யாரோ ஒரு பெண் துணியின் ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். செலீன் குறிப்பை மாற்றினாள். அந்த வீட்டுக்கு மாவு போனது. யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு போட்டது மாதிரி அன்று முழுவதும் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது.

மார்கழியில் அதே எண் திரும்ப வந்தது. போனை எடுக்கிறார்கள். இயந்திரக் குரல் மன்சூரைக் கேட்கிறது. பதிலில்லை. ஆனால் மூச்சு இருக்கிறது. ஒரு பிள்ளை எதையோ கேட்க, பிள்ளையின் வாயைப் பொத்துகிற சத்தம். பிறகு போனின் முதுகில் விரலால் மெல்லத் தட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டுகிறார்கள். இயந்திரக் குரல் நன்றி சொல்லி வைத்துவிடுகிறது. தையல் மெஷின் ஓடவே இல்லை.

தை மாதத்திலும் அதே மூச்சு, அதே விரல். மாசியில் மூன்றாவது அழைப்பு போகும். அதிலும் ஒரு குரல் கேட்காவிட்டால் அந்த வீட்டு அட்டை நின்றுவிடும்.

செலீன் பழைய பதிவுகளைத் தோண்டினாள். இப்படிப்பட்ட மூச்சுகள் அங்குமிங்குமாக நிறையக் கிடந்தன. எல்லா வீட்டிலும் முதலில் ஓர் ஆண் பேசியிருக்கிறான். ஒரு மாதத்திலிருந்து குரல் நின்றிருக்கிறது. அதன் பிறகு மூச்சு மட்டும்.

மத்தியானம் அலுவலகச் சமையலறையில் ஹனான் நின்றாள். கிளையன்ற் நாட்டின் தலைநகரத்தில் பிறந்தவள். அங்கிருந்து உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கேட்டு மொழிபெயர்ப்பது அவள் வேலை. அவளும் செலீனும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில், அதுவும் கொஞ்சமாக. மைக்ரோவேவ் சுற்றி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்த மலைப் பெண்கள் இன்றைக்கும் மூன்று பேர்," என்றாள் ஹனான். "எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். நான் இப்போதுதான் வெளியே வந்தேன், வந்து பார்த்தால் அட்டை வேலை செய்யவில்லை என்று."

"எங்கிருந்து வெளியே வந்தார்களாம்?"

"வீட்டிலிருந்துதான். விதவைகள்."

செலீனின் வாயில் அந்தச் சொல் தானாக வந்தது. "இத்தா."

ஹனான் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னாய்?"

"இத்தா. புருசன் இறந்தால் பெண் வீட்டுக்குள் இருப்பது."

"அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தார். மன்னாரில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது."

செலீன் மூச்சுகளைப் பற்றிச் சொன்னாள், விரல் தட்டுவதைச் சொன்னாள். ஹனான் சாப்பாட்டைத் தொடாமல் கேட்டாள். "நாலு மாதமும் பத்து நாளும்," என்றாள் பிறகு. "போனில் பேசாதே என்று மார்க்கம் சொல்லவில்லை. தேவைக்குப் பேசலாம். ஆனால் அந்த மலைச் சனங்கள் எல்லாவற்றையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கித்தான் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் அந்நிய ஆணுக்குக் குரல் கொடுக்கமாட்டாள். அது இயந்திரமென்று அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு அது ஓர் ஆண்."

"அப்படியென்றால் பெண் குரல் போட்டால் பேசுவாள்."

"பேசுவாள்."

இவ்வளவுதானா என்று இருந்தது செலீனுக்கு. குரலை மாற்றினால் போதும், வீடுகள் பிழைத்துவிடும். மேலாளரிடம் இன்றைக்கே சொல்கிறேன் என்றாள். ஹனான் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். பிறகு கோப்பையைக் கழுவித் துடைத்து, துடைத்ததையே திரும்பத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மௌனங்களை வகை பிரிக்கத் தெரிந்த செலீன், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டாள்.

மரியோ அவளுடைய மேலாளர். அவளைவிடப் பத்து வயது இளையவன். தாய் தகப்பன் ஊர்காவற்றுறை ஆட்கள். இங்கே பிறந்தாலும் நல்ல தமிழ் பேசுவான். பேசுவதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

"வாங்கோ அக்கா, இருங்கோ. முகத்தைப் பாத்தா ரிசைன் பண்ண வந்த மாதிரிக் கிடக்கு."

"அதுக்கு இன்னும் காலம் கிடக்கு. உமக்கு ஒண்டு சொல்லோணும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்தத் தெரியாத அரிதான நாட்களில் அது ஒன்று. மரியோ கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"பொறுங்கோ. அப்ப மனுசன் செத்த உடனை தொடங்குது?"

"ஓம். செத்த நாளிலையிருந்து."

"ஆம்பிளைக் குரல் எண்டபடியாத்தான் பேசாமல் நிக்கினம்?"

"அதான் சொல்லுறன். பொம்பிளைக் குரலா மாத்தினாக் காணும். பெரிய வேலையில்லை."

"உங்களுக்கு லைன் பழுதுக்கும் உந்த மௌனத்துக்கும் வித்தியாசம் கேக்குமோ?"

"கேக்கும். லைன் பழுதெண்டா வெறுமை. இதிலை ஆள் நிக்கிறது தெரியும். மூச்சு இருக்கும். சிலபேர் விரலாலை தட்டுவினம்."

"என்னத்துக்கு?"

"ஆளிருக்கு எண்டு காட்டத்தான். வாய் திறக்கேலாதுதானே."

மரியோ அதை எழுதிக்கொண்டான். பேனையை மூடி, அவளைப் பார்த்து மனமாரச் சிரித்தான். "அக்கா, நீங்கள் ஒரு ஜீனியஸ். இஞ்சை படிச்சுக் கிழிச்ச ஒருத்தருக்கும் இது பிடிபடேல்லை. நான் கிளையன்றோடை கதைக்கிறன். நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. பழைய பதிவுகளிலை உந்த மாதிரி மௌனங்களை வேறையாக் குறிச்சுத் தாங்கோ. எங்கை மூச்சு, எங்கை விரல், எல்லாம் குறியுங்கோ. உங்கடை காது வேறை ஒருத்தருக்கும் இல்லை."

செலீன் குறித்தாள். சாப்பாட்டு நேரத்திலும் இருந்து குறித்தாள். ஆள் உண்டு, ஆள் உண்டு, ஆள் உண்டு. ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டி, பொறுங்கள், உதவி வருகிறது என்று சொல்லிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. முடிக்கும்போது மாசி பிறந்துவிட்டது.

விட்பியில் அவளும் தாயும் மட்டும். புது வீட்டுத் திட்டம் ஒன்றில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே ஒரு வீடு. முன்வாசல் படியில் தகப்பன் பேனாட்டின் பனிச் சப்பாத்துகள் கிடந்தன. அவர் இறந்து மூன்று வருசம். கோடையிலும் தாய் கிளடிஸ் அவற்றை எடுக்க விடுவதில்லை. அது அம்மாவின் துக்கம் என்று நினைத்து செலீன் எப்போதும் சுற்றிப் போவாள்.

குறித்து முடித்த அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது தாயிடம் சொன்னாள். வேலைக் கதையை வீட்டில் அவள் எடுப்பதே இல்லை. அதனால் கிளடிஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்கடை பாத்தும்மா இருந்தவவெல்லே, அதே இத்தாதான் அம்மா. அதை நான் சொன்னாப் பிறகுதான் அவைக்கு விளங்கினது."

கிளடிஸ் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பனி வழிக்கிற சத்தம் கேட்டு, நின்று, திரும்பக் கேட்டது.

"உதை ஏன் அவங்களுக்குச் சொன்னனீ?"

"சொன்னாத்தானே குரலை மாத்துவினம்."

"குரலை மாத்தச் சொல்லி மட்டும் சொல்லியிருக்கலாம்."

"காரணம் கேப்பினம்தானே அம்மா."

"பாத்தும்மான்ரை மனுசன் ஹமீது காக்கா கடலிலை செத்தாப்பிறகு," என்றாள் கிளடிஸ், "அவளும் ரெண்டு குமருகளும் தனிய. உன்ரை அப்பான்ரை செருப்பை ஒவ்வொரு நாளும் பொழுதுபட நான் கொண்டுபோய் அவளின்ரை படியிலை வைப்பன். விடிய எடுப்பன். உனக்கு ஞாபகமில்லையோ? அப்பா வெறுங்காலோடை நிண்டு கத்துவார், கடைக்குப் போக ஒரு செருப்பில்லை எண்டு."

செலீனுக்கு அப்பா கத்தியது மட்டும் ஞாபகம் இருந்தது.

"ஆரும் வெளியாள் வந்து கேட்டா, அந்த வீட்டுக்காரர் உள்ளுக்கை படுக்கிறார் எண்டுதான் ஒழுங்கையிலை எல்லாரும் சொல்லுவம். வேதக்காரர் நாங்களும் சொல்லுவம், அவையின்ரை ஆக்களும் சொல்லுவினம். பேசிவைச்சுச் செய்ததில்லை. ஆம்பிளை இல்லாத வீடெண்டு ரோட்டுக்கு ஏன் அறிவிப்பான்?"

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் மன்னாரின் முஸ்லிம்களை இயக்கம் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது, பாத்தும்மாவின் இத்தா முடிந்திருக்கவில்லை. இரண்டு மகள்மாரும் நாலு பக்கமும் சீலையைப் பிடித்து, அதற்குள் தாயை நடத்திக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் எதுவும் பேசவில்லை. சீலைக்குக் கீழே தெரிந்த அந்தப் பாதங்கள் செலீனுக்கு நன்றாக ஞாபகம்.

"அப்ப வாசலிலை கிடக்கிற அப்பான்ரை சப்பாத்து?" என்று கேட்டாள்.

"நீ வேலைக்குப் போனா நான் தனியத்தானே," என்றாள் கிளடிஸ். தொலைக்காட்சியின் சத்தத்தைப் பழையபடி கூட்டினாள்.

அடுத்த கிழமை மரியோ அவளைக் கூப்பிட்டான். மேசையில் இரண்டு கோப்பி இருந்தது. அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தான்.

"கிளையன்றுக்குச் சரியான சந்தோசம் அக்கா. அறிக்கை போகமுதலே முழு நாட்டுக்கும் ஓம் எண்டிட்டினம்."

"குரல் எப்ப மாறும்?"

"குரல் மாறாது."

செலீன் கோப்பியைத் தொடவில்லை.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அட்டை மனுசன்ரை பேரிலை. மனுசன் செத்தா அட்டையும் முடிஞ்சுது. அது அவையின்ரை சட்டம், நான் எழுதினதில்லை. இதுவரைக்கும் ஆர் செத்ததெண்டு அவைக்குத் தெரியாது. மலையிலை ஒருத்தரும் சாவைப் பதியிறேல்லை. நாங்கள் மூண்டு மாதம் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். இனி வாற அழைப்பிலை முதல் மௌனத்திலையே தெரியும். ஆம்பிளைக் குரலுக்கு ஒரு பொம்பிளை பேசாமல் நிண்டா, அந்த வீட்டிலை ஆள் செத்திட்டுது. அவ்வளவு திறமான அடையாளம். பொம்பிளைக் குரலைப் போட்டு அதை ஆராவது கெடுப்பினமோ?"

"அவவுக்கும் பிள்ளையளுக்கும் மா?"

"புதுசாப் பதியலாம். பொஞ்சாதியின்ரை பேரிலை. மாவட்டக் கந்தோருக்கு நேரிலை போகோணும்."

"இத்தாவிலை இருக்கிறவ எப்பிடிப் போறது?"

"முடிஞ்சாப்பிறகு போகலாம்தானே."

"அதுவரைக்கும்?"

மரியோ தன் கோப்பியைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. "அக்கா, எல்லாருக்கும் குடுக்கப் போனா ஒருத்தருக்கும் காணாது. உதிலை மிஞ்சிற காசிலைதான் அந்த மலைக்குப் பள்ளிக்கூடம் வரப்போகுது. அந்தப் பொம்பிளையளின்ரை பிள்ளையளுக்குத்தான்."

"நான் உந்த அறிக்கையிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

"தேவையில்லை," என்றான் மெதுவாக, அவளைத் தேற்றுகிறவன் மாதிரி. "நீங்கள் குறிச்சுத் தந்ததை வைச்சு இயந்திரம் படிச்சிட்டுது. மூச்சு, விரல், எல்லாம் இப்ப அதுக்குக் கேக்கும். உங்களோடை அச்சொட்டா ஒத்துப்போகுது. இனி அதுக்குச் சந்தேகமானது மட்டும்தான் உங்களிட்டை வரும். ஆறுதலா வேலை செய்யலாம்."

வெளியே வந்தபோது ஹனானின் மேசை வெறுமையாக இருந்தது. உதவி எண்ணையும் இயந்திரமே பார்க்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

அதன் பிறகு பதிவுகள் குட்டையாகிவிட்டன. முன்பு அந்த மூச்சுகள் நின்று நிதானித்து இருக்கும். ஒரு வீட்டின் வெயில், கோழி, தூரத்து வாகனம் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். இப்போது போனை எடுக்கிறார்கள், பெயர் கேட்கப்படுகிறது, ஒரு மூச்சு, உடனே நன்றி, லைன் வெட்டுப்படுகிறது. விரல் தட்டுவதற்குக்கூட நேரமில்லை. ஒரு சில பதிவுகளில் வெட்டுப்பட்ட பிறகும் அந்தப் பெண் போனைப் பிடித்தபடி நின்றிருப்பாள் என்று செலீன் நினைத்துக்கொண்டாள். கேட்க முடியாது. நினைக்கத்தான் முடியும்.

மாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று கடும் பனி என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்தாள். சந்தேகமானது என்று திரையில் ஒரே ஒரு பதிவு வந்தது. எண்ணைப் பார்த்ததும் ஹெட்போனை இறுக்கி மாட்டினாள். தையல் வீடு, மூன்றாவது அழைப்பு.

போட்டாள். மணி. எடுக்கிறார்கள். ஆண் குரல் பெயரைக் கேட்கிறது. ஒரு சின்னக் கிளிக். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்சூர். ஐவா."

செலீனுக்கு முதலில் வந்தது சந்தோசம். ஆள் இருக்கிறான். எங்கேயோ வேலைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான். அடுத்த கணம் அவனுக்குப் பின்னால் மெஷின் ஓடுவது கேட்டது. நீளத் தையல் ஒன்று ஓடி, முடிந்து, டக்கென்று நின்றது.

அவள் கோடைப் பதிவை எடுத்து ஒரு காதில் அதையும் மறு காதில் இதையும் போட்டாள். ஒரே செருமல். ஒரே தையல், ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த வீட்டுப் போன் தன்னிடம் வந்த பழைய அழைப்புகளைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் தேடி எடுத்து, செத்தவனின் குரலை இயந்திரத்தின் காதில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் அன்று தைத்த தையல்தான் அவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. படியில் கொண்டுவந்து வைத்த செருப்பு மாதிரி.

திரையில் கேள்வி நின்றது. உயிருள்ள குரலா, மீள ஒலித்த குரலா? மீள ஒலித்தது என்று இயந்திரத்துக்கு முக்கால்வாசிச் சந்தேகம். அவள் ஆமென்றால் மோசடி என்று போகும். அட்டை நிற்பதோடு விடமாட்டார்கள். வீடு தேடி ஆள் போகும், அந்தப் பெண் வெளியே வரக்கூடாத நாட்களில்.

செலீன் உயிருள்ள குரல் என்று அழுத்தினாள். காரணம் கேட்டது. "மூச்சு கேட்கிறது" என்று எழுதினாள். அது பொய்யில்லை. அந்தக் குரலுக்கு இந்தப் பக்கத்தில், போனுக்கு மிகக் கிட்டத்தில், ஒரு மூச்சு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மரியோ கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு சின்ன விசயம். நீங்களும் இயந்திரமும் ஒத்துப்போகாத இடம் முழு மாவட்டத்திலையும் இது ஒண்டுதான். சும்மா கேக்கிறன். மனுசன் உயிரோடைதானே?"

செலீன் பேசவில்லை. முன்னறையில் தாய் செபமாலையை மேசையில் வைப்பது கேட்டது. ஹீற்றர் ஊதத் தொடங்கி, ஓய்ந்தது. பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நொடியும் எங்கேயோ பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஒரு பெண்ணின் மௌனத்துக்குள் எதைத் தேட வேண்டுமென்று.

"அக்கா? இருக்கிறியளோ?"

"இருக்கிறன். ஆம்பிளை வீட்டிலைதான் இருக்கிறார்."

"நிச்சயமாவோ?"

"உமக்குக் காது இருந்தா நீரே போட்டுக் கேளுமன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. "சரி அக்கா. நீங்கள் சொன்னாச் சரிதான். வாற மாதமும் அந்த வீட்டைக் கவனமாப் பாப்பம். நானும் சேந்து கேக்கிறன்."

வாற மாதமும் அதே செருமல் வரும், அதே தையல் ஓடி அதே இடத்தில் நிற்கும். அந்தப் பெண்ணிடம் வேறு குரல் இல்லை. வேண்டாம், வேறு ஒன்றைப் போடு, அந்த மெஷின் உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அவளுக்குச் சொல்ல செலீனிடம் மொழியில்லை. இருந்தாலும் கூப்பிட முடியாது. அலுவலகத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற எல்லா அழைப்பையும் இயந்திரம் கேட்கும்.

மடிக்கணினியை மூடிவிட்டு முன்வாசலுக்குப் போனாள். பனி விட்டிருந்தது. வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது. படியில் அப்பாவின் சப்பாத்துகள் இரண்டும் வாய்வரைக்கும் பனி நிரம்பிக் கிடந்தன. தெருவில் போகிற எவனுக்கும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும், இவற்றுக்குள் நெடுங்காலமாக ஒரு காலும் போகவில்லை என்று. இத்தனை குளிர்காலமும் அவை இப்படித்தான் கிடந்திருக்கும். அவள் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பனியைத் தட்டினாள். தன் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றுக்குள் காலை விட்டாள். உள்ளே ஈரம் சில்லிட்டது. பெரிய சப்பாத்து, இழுத்து இழுத்துத்தான் நடக்க வந்தது. யாரும் கால் வைக்காத வெள்ளை மேல், படியிலிருந்து வாகனம் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தாள். அகலமாகக் கால் வைத்து, அழுத்தி, ஓர் ஆண் நடக்கிற மாதிரி. பிறகு திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

சன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு கிளடிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவின் இரண்டு பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையை மூடினாள்.